ஊராட்சி அலுவலகத்தில் கம்பியில்லா இணையம்

கம்பியில்லாச் சாதனம் நம் கிராமங்களுக்குப் புதியதன்று. 1939-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. நாடு விடுதலையடைந்த பின்னர் ஊராட்சிகள் பலவற்றில் வானொலி அறைகள் எழுந்தன. மாலை வேளையில் ஒலிபெருக்கியின் அடியில் ஊரார் கூடிச் செய்தியும், சந்தை நிலவரமும், பயிர்த்தொழில் நிகழ்ச்சியும் கேட்டு வந்தனர். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி இடைவிடாது எடுத்துரைத்து வந்தது. அதனால் தஞ்சைப் பகுதி உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு விட்டனர். காற்றில் வந்த செய்தி வயலில் விளைந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அன்று காற்றில் வந்த செய்தியை நாம் கேட்க மட்டுமே முடிந்தது. இன்று இணையத்தின் வாயிலாக நாமும் மறுமொழி அனுப்புகிறோம், வரி செலுத்துகிறோம், பட்டா நகல் பெறுகிறோம், ஊராட்சியின் பணத்தையே பட்டுவாடா செய்கிறோம். வானொலிப் பெட்டி பழுதுற்றால் ஒரு நாளையச் செய்தி தவறும், அவ்வளவே. இணையப் பெட்டியைக் கவனமின்றி அமைத்தாலோ, ஊராட்சியின் கணக்கும் ஊராரின் சொந்த விவரங்களும் அயலார் கைக்கு எட்டிவிடக் கூடும். ஆகவே, ஊராட்சி அலுவலகத்தில் வைஃபை வசதியை முறைப்படி அமைப்பது எவ்வாறு, அமைத்ததை நிலைக்கச் செய்வது எவ்வாறு என்பவற்றை ஊராட்சி மன்ற அங்கத்தினர்களும் விவசாய அன்பர்களும் அறிந்திருத்தல் நலம்.

வாய்க்காலும் மடையும்

வைஃபை பெட்டியே இணையத்தை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. முசிறி வட்டாரத்தில் காவிரிப் பாசனத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்குதல் எளிது. இணையம் என்னும் நீர் பெரிய வாய்க்காலில் வருகிறது. அந்த வாய்க்கால்தான் கண்ணாடி இழைக் கேபிள். அலுவலகத்தில் அதனை ஏற்று, வேண்டிய அளவு பிரித்து விடும் ரவுட்டர் என்பது மதகு. அங்கிருந்து மேசைக் கணினிகளுக்குச் செல்லும் கேபிள்கள் கிளை வாய்க்கால்கள். ஆக்ஸஸ் பாயின்ட் எனப்படும் வைஃபை பெட்டியோ கடைசியில் உள்ள வயல் மடை மட்டுமே. வாய்க்காலில் நீர் வாராதபோது மடையைத் திறந்து வைத்துப் பயன் என்ன?

பெரிய வாய்க்கால் வெட்டும் பணி நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது. நாட்டிலுள்ள சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதும், சிறு பகுதி தரைக்கடியிலும் செல்கிறது. ஊரில் அது வந்து சேரும் இடம் ஊராட்சி சேவை மையம் அல்லது வேறோர் அரசுக் கட்டடம். அங்கிருந்து அலுவலக அறைகளுக்கும் பொதுமக்களுக்கும் எட்டச் செய்யும் கடைசிப் பகுதியே நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் பகுதிகளின் அனுபவங்கள்

கிராமத்துக்குக் கம்பியில்லாமல் இணையம் கொண்டு செல்லும் முயற்சியில் நம் பகுதிகளுக்கு நல்ல அனுபவம் உண்டு. புதுச்சேரி வில்லியனூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கிற்று. தொலைபேசி இணைப்பு சரிவரக் கிடைக்காத ஊர்களைக் கம்பியில்லாக் கருவிகளால் இணைத்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் முதலிய விவரங்கள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. ஊருக்கு எது தேவையோ அதைக் கொடுத்தமையால் ஊரார் அதனைத் தம்முடையதாகக் கருதினர்.

மதுரை மாவட்டம் மேலூரில் 2001-ஆம் ஆண்டு முதல், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு சிற்றூர்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சான்றிதழ்களுக்கான மனுக்களை மையத்திலிருந்தே அனுப்ப வழி செய்யப்பட்டது. தொடக்கத்தில் நல்ல வரவேற்பு இருந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் மையங்கள் பல மூடப்பட்டன. அதனை ஆராய்ந்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று நாம் ஊன்றிக் கவனிக்கற்பாலது. ஆர்வமுள்ள அலுவலர்கள் மாறிச் சென்றபின், அப்பணியைத் தொடர்ந்து நடத்த நிலையான ஏற்பாடு இல்லாமற் போயிற்று.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தாருடன் கூடி 2004-ஆம் ஆண்டு முதல் மற்றொரு வழியைக் கண்டது. சாதாரண வைஃபை கருவிகளையே, ஒரு திசையை நோக்கும் ஆண்டெனாக்களுடன் உயரமான இடங்களில் பொருத்தி, சுற்றுவட்டாரக் கண் சிகிச்சை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தனர். மையத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் பார்த்துப் பேச முடிந்தது. இவ்வகைக் கிராமப்புற வலையமைப்புகளில் நேர்ந்த பழுதுகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் குறையால் அன்றி, மின்சாரத்தின் தரக்குறைவால் விளைந்தவை எனத் தெரிந்தது.

இம்மூன்றிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. பெட்டி வாங்குவது எளிது. தேவையும், நல்ல மின்சாரமும், பொறுப்பேற்கும் ஆளும் அமைந்தாலன்றி அது நிலைக்காது.

இடமும் மின்சாரமும்

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வைஃபை அலைகள் செங்கற் சுவரை ஓரளவு ஊடுருவும், கான்கிரீட்டில் தளர்ந்துவிடும், இரும்பைக் கண்டால் திரும்பிவிடும். ஆகவே பெட்டியை இரும்பு பீரோவின் மேலோ பின்னாலோ வைத்தல் கூடாது. தண்ணீர்த் தொட்டியின் அருகும் ஆகாது. அலுவலகத்தின் நடுவில், கூரைக்குச் சற்றுக் கீழே, மறைவின்றிப் பொருத்துவதே சிறந்தது. பொதுமக்களும் பயன்படுத்த வேண்டுமெனில், முன் தாழ்வாரத்துக்கென வேறொரு பெட்டி வைக்கலாம்; அது மழையும் வெயிலும் தாங்கும் வகையைச் சேர்ந்ததாக இருத்தல் அவசியம்.

ரவுட்டரிலிருந்து வைஃபை பெட்டி வரையுள்ள கேபிள் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. மின்கம்பிகளோடு ஒன்றாகச் சேர்த்து அதனைக் கொண்டு செல்லுதல் தவறு. அந்தக் கேபிள் வழியாகவே பெட்டிக்கு மின்சாரம் அனுப்பும் முறையும் உண்டு. அதனைக் கையாண்டால் கூரையோரத்தில் தனி மின் இணைப்பு வேண்டுவதில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டு காரியங்கள் இன்றியமையாதன. ஒன்று, நல்ல எர்த் இணைப்பு. கோடை மழையின்போது இடியினால் கருவிகள் கெடுவதை நாம் காண்கிறோம். வெளிப்புறக் கேபிளுக்கும் இடிக்காப்புக் கருவி பொருத்துதல் நலம். மற்றொன்று, யு.பி.எஸ். கண்ணாடி இழைக் கருவி, ரவுட்டர், வைஃபை பெட்டி ஆகிய மூன்றும் யு.பி.எஸ்ஸிலிருந்தே மின்சாரம் பெறுதல் வேண்டும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் மின்தடை நேரத்தில் மற்ற இரண்டும் விழித்திருந்தும் பயனில்லை. இணையக் கருவிகளுக்கென உள்ள யு.பி.எஸ்ஸில் மின்விசிறியையும் விளக்கையும் மாட்டுதல் அறவே கூடாது. மாலையில் அலுவலகத்தைப் பூட்டிச் செல்பவர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. கருவிகளுக்கான இணைப்பு அதனால் அணையாதவாறு தனியே பிரித்து அமைத்தல் வேண்டும்.

பொருத்தும் முறை

அலுவலகத்தில் ஏற்கெனவே ரவுட்டரும் கணினிகளும் இருக்கின்றன. புதிதாக ஒரு வைஃபை பெட்டி சேர்க்கப் போகிறோம் என்று கொள்வோம். பின்வரும் வரிசையில் செய்தால் குழப்பம் நேராது.

முதலாவது, ஒரு கணினியைக் கேபிள் மூலம் நேரே ரவுட்டரில் இணைத்து, இணையம் சரிவர வருகிறதா என்று பார்த்தல். வாய்க்காலில் நீர் வருவதை உறுதி செய்த பின்பே மடைக்குப் போதல் வேண்டும்.

இரண்டாவது, புதிய பெட்டியை ரவுட்டரோடு இணைக்காமல், தனியே ஒரு கணினியில் மாட்டி அதன் அமைப்புப் பக்கத்தைத் திறத்தல். அங்கே தொழிற்சாலையிலேயே இடப்பட்ட நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும். ‘அட்மின்’ என்பது போன்ற அச்சொற்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. பூட்டோடு சாவியையும் தொங்கவிட்டது போலாகும்.

மூன்றாவது, பெட்டியில் ஆக்ஸஸ் பாயின்ட் என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தல். ரவுட்டராகவும் வேலை செய்யக்கூடிய பெட்டியாயின் இது மிகவும் முக்கியம். இதன் காரணத்தை அடுத்த பகுதியில் விளக்குவோம்.

நான்காவது, வலைக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இடுதல். பூட்டு வகையாக டபிள்யூ.பி.ஏ. 3 அல்லது குறைந்தது டபிள்யூ.பி.ஏ. 2 என்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய பூட்டு 2001-ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. கடவுச்சொல் ஊரின் பெயராகவோ அலுவலகத் தொலைபேசி எண்ணாகவோ இராமல், பன்னிரண்டு எழுத்துகளுக்குக் குறையாததாக இருப்பது நன்று. ஒரு பொத்தானை அழுத்தியே இணைத்துக்கொள்ளும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடலாம்.

ஐந்தாவது, அலைவரிசையைத் தெரிந்தெடுத்தல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரமாகச் செல்லும்; சுவரையும் கடக்கும்; வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் அறைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டும் உள்ள பெட்டியே வாங்கத்தக்கது. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. இரண்டு பெட்டிகள் அருகருகே இருப்பின் ஒன்றுக்கு 1, மற்றொன்றுக்கு 6 எனப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும்.

ஆறாவது, இவையெல்லாம் முடிந்தபின் பெட்டியைக் கேபிளால் அலுவலக வலையோடு இணைத்து, ஒவ்வோர் அறையிலும் நின்று சோதித்துப் பார்த்தல்.

இக்கருவிக்கு உரிமம் வேண்டுமா என்று சிலர் கேட்கின்றனர். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2005-ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2018-ஆம் ஆண்டில் விரிவாகவும் மத்திய அரசு உரிம விலக்கு அளித்துள்ளது. வரையறுத்த ஆற்றலுக்கு உட்பட்ட, அனுமதி பெற்ற கருவியாயின் தனி உரிமம் வேண்டுவதில்லை.

கதவிலக்கம் இடுபவர் ஒருவரே

ஊராட்சியில் வீடுகளுக்குக் கதவிலக்கம் இடுவது நமக்குப் பழக்கமான பணி. ஒரே தெருவில் இருவர் தனித்தனியே இலக்கம் இட்டுச் சென்றால் என்ன ஆகும்? ஏழாம் எண் வீடு இரண்டு இருக்கும், தபால்காரர் திகைப்பார், வரிச் சீட்டு மாறிப் போகும். அலுவலக வலையிலும் ஒவ்வொரு கணினிக்கும் கைப்பேசிக்கும் ஓர் இலக்க முகவரி வழங்கப்படுகிறது. அதனை வழங்கும் பணி ரவுட்டருடையது. புதிதாக வந்த வைஃபை பெட்டியும் தன் போக்கில் முகவரி வழங்கத் தொடங்கினால் குழப்பம் விளைகிறது. சில கணினிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, பிரிண்டர் காணாமற் போகும். பழுது எங்கென்று எவருக்கும் புலப்படாது.

ஆகவே வைஃபை பெட்டியில் டி.எச்.சி.பி. எனப்படும் முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட வேண்டும். ஆக்ஸஸ் பாயின்ட் நிலையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான பெட்டிகளில் அது தானே நின்றுவிடும். பெட்டிக்கும் ஒரு நிலையான முகவரி தருதல் நலம். எடுத்துக்காட்டாக, ரவுட்டரின் முகவரி 192.168.1.1 எனவும், அது மற்றவற்றுக்கு 100 முதல் 200 வரை வழங்குகிறது எனவும் கொண்டால், வைஃபை பெட்டிக்கு 192.168.1.2 என்று கொடுக்கலாம். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி வைத்தால், பின்னர் வருபவர் தேடித் திரிய வேண்டியதில்லை.

ஒரு கட்டடம், இரண்டு வாயில்கள்

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். ஊராட்சிகளின் திட்டங்களும் வரவு செலவும் பதிவாகும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பட்டது. பணப் பட்டுவாடாவுக்கு இன்று மின்னணுக் கையொப்பமே கருவியாயிருக்கிறது. அலுவலகக் கணினியில் பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ளன. இக்கணினி இருக்கும் வலையிலேயே தாழ்வாரத்தில் அமர்ந்து படம் பார்க்கும் கைப்பேசியும் சேர்ந்திருத்தல் தகுமா? இரும்புப் பெட்டி உள்ள அறையின் வழியாகப் பொதுப் பாதை விடுவதற்கு அது ஒப்பாகும்.

எனவே அலுவலகத்துக்கு ஒரு வலை, பொதுமக்களுக்கு மற்றொரு வலை என இரண்டாகப் பிரித்தல் இன்றியமையாதது. பெயர் மட்டும் வேறாக இருந்தால் போதாது. ரவுட்டரிலேயே இரண்டும் ஒன்றையொன்று காணாதவாறு பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதனைச் சோதிப்பது எளிது. பொது வலையில் ஒரு கைப்பேசியை இணைத்து, அலுவலகப் பிரிண்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்தால் பிரிவு ஏற்படவில்லை என்பது பொருள். அவ்வாறாயின் பிரிவு செய்து முடியும் வரை பொது வலையைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.

பூட்டில்லாத வலையால் நேரும் தீங்குக்கு நாடறிந்த சான்று உண்டு. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்த சமயத்தில், அதனை முன்னறிவித்த மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. விசாரணை அவ்வீட்டாரின் வாயிலில் வந்து நின்றது. இதன்பின் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகள் பாதுகாப்புடன் இருத்தல் வேண்டும் என்றும், பயன்படுத்துவோர் இன்னார் என அறியத்தக்க ஏற்பாடு வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

பொதுமக்களுக்கு வைஃபை வழங்க முறையான வழி இல்லாமலில்லை. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம்.-வானி என்னும் ஏற்பாட்டின்படி, தேநீர்க் கடையும் மளிகைக் கடையும்கூட உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை நிலையம் நடத்தலாம். பயன்படுத்துவோரை அடையாளம் கண்டு கணக்கு வைக்கும் வேலையை அதற்கென உள்ள நிறுவனமும் செயலியும் செய்கின்றன. ஊராட்சியும் இவ்வழியை ஆராயலாம். எதுவாயினும் இணைப்பு வழங்கியவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பின்னரே பொதுமக்களுக்குத் திறத்தல் வேண்டும்.

எவ்வளவு தூரம் எட்டும்?

சாதாரண வைஃபை பெட்டியின் ஆற்றல் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவினதே. அது அலுவலகத்தையும் முன் முற்றத்தையும் எட்டும். ஊர் முழுவதும் எட்டாது. ஊராட்சியின் குக்கிராமத்துப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொண்டு செல்ல வேண்டுமாயின், தேனியில் செய்தது போல் திசை நோக்கும் ஆண்டெனாக்களை இரு முனையிலும் பொருத்துதல் வேண்டும். முசிறிக் கரையில் நின்றால் காவிரிக்கப்பால் குளித்தலைக் கரை தெரிவது போல, இரண்டும் ஒன்றையொன்று தடையின்றிப் பார்த்தல் அவசியம். இடையே தென்னந்தோப்பு வளர்ந்தாலும் தொடர்பு தளரும். திருஈங்கோய்மலை போன்ற குன்று குறுக்கிட்டால் தொடர்பு அறவே நின்றுவிடும். அத்தகைய இடங்களுக்குக் கேபிளே உகந்தது.

பொறுப்பு யாருடையது?

மேலூர் அனுபவம் காட்டியது போல, அலுவலர் மாறுவர், ஊர் மாறாது. எனவே பொறுப்பு ஊரிடமே நிலைபெறுதல் வேண்டும். இதற்கு நாம் கூறும் யோசனைகள் எளியவை. ஊராட்சிச் செயலாளரோடு, ஊரிலேயே வசிக்கும் படித்த இளைஞர் அல்லது சுயஉதவிக் குழு மகளிர் ஒருவரைப் பராமரிப்புக்கு நியமித்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். கருவிகளின் பெயர், வாங்கிய நாள், உத்தரவாதக் காலம், இலக்க முகவரிகள், பழுது தெரிவிக்க வேண்டிய இடம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாமல், முத்திரையிட்ட உறையில் இட்டு இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பொறுப்பாளர் மாறும் அன்றே கடவுச்சொல்லும் மாறுதல் வேண்டும். யு.பி.எஸ். பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் பொருள். அதற்கான செலவை வரவு செலவுத் திட்டத்தில் முன்னரே ஒதுக்குதல் நன்று.

பழுது நேரும்போது வாய்க்கால் உவமையை நினைவிற் கொள்க. கைப்பேசியில் வைஃபை அடையாளம் தெரிந்தும் இணையம் வராவிடில், மடை சரியாக உள்ளது. குறை மேலேதான் இருக்கிறது. அடையாளமே தெரியாவிடில் பெட்டியையும் அதன் மின்சாரத்தையும் பார்த்தல் போதும். இவ்வளவை அறிந்து சொன்னாலே பழுது பார்க்க வருபவரின் வேலை பாதி குறையும். மின்கம்பத்திலிருந்து கேபிள் தொங்குவதைக் கண்டால், அதனை வெட்டி ஓரம் கட்டாமல், ஊராட்சிக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவர் கடமையுமாகும்.

மாதம் எத்தனை நாள் இணைப்பு இருந்தது, எத்தனை பேர் பயனடைந்தனர் என்பதைக் கிராம சபையில் படித்தல் நல்ல வழக்கமாகும். வாழை விவசாயி பட்டா நகலுக்காகப் பேருந்தேறி முசிறிக்கு வந்து ஒரு நாள் வேலையை இழக்காமல், ஊரிலேயே அதனைப் பெற்றாரா? உழவன் செயலியில் விலை நிலவரமும் மானிய விவரமும் பார்க்க இயன்றதா? கோரைப் பாய் நெய்யும் குடும்பத்தார் தம் பாயின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்ப முடிந்ததா? இவையே உண்மையான அளவுகோல்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிவது மட்டும் பயனாகாது.

வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது என்பதை நம் உழவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே பொறுப்புணர்ச்சியோடு இப்புதிய வாய்க்காலையும் ஊரார் ஒன்றுகூடிப் பேணுவாராயின், அதன் பயன் ஊராட்சியின் கடைசி வீடு வரை சென்று சேரும் என்பதில் ஐயமில்லை.